‘பிரஷர் இல்லை’ என்று எழுதும் முன்: அரசு மருத்துவமனையில் பக்கவாத ஆய்வு தொடங்குபவர்களுக்கு

பக்கவாதத்தோடு வந்தவரின் கேஸ் ஷீட்டில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: “ஏற்கெனவே பிரஷர் இல்லை, சுகர் இல்லை.” ராத்திரி இரண்டு மணிக்கு டியூட்டி டாக்டர் கேட்டிருப்பார், கூட வந்த மகன் தலையாட்டியிருப்பான். மறுநாள் காலையில் நீங்கள் ஆய்வுப் படிவத்தோடு போய், “அப்பாவுக்குக் கடைசியா எப்போ பிரஷர் பார்த்தீங்க?” என்று கேளுங்கள். “பார்த்ததே இல்லீங்களே” என்பான்.

இல்லை என்பது வேறு, பார்த்ததில்லை என்பது வேறு. கையில் காசில்லாதவர்கள் வரும் மருத்துவமனையில் பக்கவாதத்தின் காரணிகளை ஆராயப் போகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். கீழே சொல்லியிருப்பதில் பாதி, இந்த இரண்டையும் கலக்காமல் வைப்பதற்கான ஏற்பாடுகள்.

இதை எழுதும்போது என் மனதில் இருப்பவர்கள், மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரியில் தீசிஸுக்குத் தலைப்புத் தேடும் முதலாண்டு முதுநிலை மாணவர்கள். செவிலியர்களும் பிசியோதெரபி மாணவர்களும் இந்த வேலையில் இறங்குகிறார்கள், அவர்களுக்கும் பயன்படும்.

முதலில் கேள்வி, அப்புறம்தான் தலைப்பு

“பக்கவாத நோயாளிகளில் ஆபத்துக் காரணிகள் – ஓர் ஆய்வு” என்று ஒரு தலைப்பு எல்லாக் கல்லூரி நூலகத்திலும் தூசி படிந்து கிடக்கும். நூறு நோயாளிகளை எடுத்து, எழுபது பேருக்கு பிரஷர், நாற்பது பேருக்கு சுகர் என்று எண்ணிச் சொல்வதோடு அது முடிந்துவிடும். என்னுடையதும் கிட்டத்தட்ட அப்படித்தான் தொடங்கியது. வைவா எனும் வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: “உங்கள் ஊரில் பக்கவாதம் வராத அறுபது வயதுக்காரர்களில் எத்தனை பேருக்கு பிரஷர் இருக்கிறது?” என்னிடம் பதில் இல்லை. அந்த எண் தெரியாமல் எழுபது என்பது அதிகமா குறைவா என்றே சொல்ல முடியாது.

ஆகவே முடிவு செய்ய வேண்டியது இது: எண்ணிக்கை மட்டும் போதுமா, அல்லது ஒப்பிட வேண்டுமா? ‘ஆபத்துக் காரணி’ என்ற சொல்லைத் தலைப்பில் போட்டுவிட்டால் ஒப்பிட்டே ஆக வேண்டும். நோயாளி ஒருவருக்கு அதே வயது, அதே பாலினத்தில் பக்கவாதம் வராத ஒருவர். ஆள்பலம் இல்லை, ஒப்பீட்டுக் குழு முடியாது என்றால் அதுவும் பாவமில்லை. ஆனால் அப்போது கேள்வியைச் சுருக்கிக்கொள்ளுங்கள்: “பிரஷர் இருந்தும் தெரியாமல் இருந்தவர்கள் எத்தனை பேர், தெரிந்தும் மாத்திரையை நிறுத்தியவர்கள் எத்தனை பேர், ஏன் நிறுத்தினார்கள்?” ஒப்பீட்டுக் குழு இல்லாமலே இதற்கு நேர்மையான பதில் கிடைக்கும். நம் ஊருக்கு இதுதான் அதிகம் பயன்படும் கேள்வி என்பது என் கட்சி.

தொடங்கும் முன் இரண்டு பெரிய ஆய்வுகளைப் படித்துவிடுங்கள். இன்டர்ஸ்ட்ரோக் என்பது 32 நாடுகளில் நடந்தது, இந்தியாவும் அதில் உண்டு. 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவில் 13,447 நோயாளிகளும் 13,472 ஒப்பீட்டு நபர்களும் இருந்தார்கள். ரத்த அழுத்தம், உடலுழைப்பின்மை, ரத்தக் கொழுப்பு, உணவு, இடுப்பு–பிட்டச் சுற்றளவு விகிதம், மன அழுத்தம், புகை, இதய நோய், மது, நீரிழிவு ஆகிய பத்துக் காரணிகள் சேர்ந்து சுமார் 90 சதவீதப் பக்கவாதத்தோடு தொடர்புடையவை என்றது அது. இன்னொன்று சைரன். நைஜீரியா, கானா மருத்துவமனைகளில் 2,118 ஜோடிகளை வைத்துச் செய்து 2018இல் வெளியிட்டார்கள். வசதி குறைந்த இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இன்டர்ஸ்ட்ரோக்கைவிட சைரன்தான் நல்ல வாத்தியார். அங்கே உயர் ரத்த அழுத்தத்தின் முரண் விகிதம் (ஆட்ஸ் ரேஷியோ – காரணிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பின் வலுவைக் காட்டும் எண், 1 என்றால் தொடர்பில்லை) 19க்கு மேல் வந்தது. கீரை குறைவாகச் சாப்பிடுவதும் பட்டியலில் ஏறியது. சிகிச்சை எட்டாத ஊரில் பிரஷர் எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்த ஓர் எண்ணே காட்டிவிடும்.

எத்தனை பேர் வேண்டும்

எண்ணிக்கை ஆய்வென்றால் பழைய சூத்திரமே போதும். எதிர்பார்க்கும் அளவு 60 சதவீதம், 7 சதவீதம் முன்பின் ஏற்றுக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்வோம். 4 × 0.6 × 0.4 ÷ (0.07 × 0.07) போட்டால் 196 வரும். பாதியில் வீட்டுக்குப் போய்விடுபவர்களுக்காகப் பத்து சதவீதம் கூட்டி, 216 என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பீட்டு ஆய்வுக்குக் கணக்கு வேறு. சமூக மருத்துவத் துறையில் உட்கார்ந்து, ஒரு டீ வாங்கிக்கொடுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து, உங்கள் வார்டுக்கு மாதம் எத்தனை பக்கவாத நோயாளிகள் வருகிறார்கள் என்று எண்ணிவிட்டுப் போங்கள். எதிர்பார்ப்பு எப்போதும் அதிகமாகத்தான் இருக்கும்.

அனுமதியும் கைநாட்டும்

நெறிமுறைக் குழுவின் கடிதம் கைக்கு வரும் முன் ஒரு நோயாளியைக்கூடச் சேர்க்காதீர்கள். சேர்த்துவிட்டுத் தேதியைத் திருத்தும் பழக்கம் இருக்கிறது, அந்தப் பக்கமே போக வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறை வழிகாட்டுதல்களை ஒருமுறை முழுக்கப் படியுங்கள்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருந்தால் போதாது, பேசும் தமிழில் இருக்க வேண்டும். “இவ்வாய்வில் தாங்கள் பங்கேற்பது தங்கள் விருப்பத்திற்குட்பட்டது” என்று படித்துக்காட்டினால், “எங்க கையெழுத்துப் போடணும்?” என்பதுதான் பதிலாக வரும். “நீங்க வேண்டாம்னு சொன்னாலும் இதே வைத்தியம்தான் நடக்கும், இதுக்காக ஒரு பைசா செலவு வராது” என்று எழுதுங்கள். அப்படியே நடந்துகொள்ளவும் வேண்டும். ஆய்வுக்காகக் கேட்கும் எந்த ரத்தப் பரிசோதனையையும் வெளி லேபுக்கு எழுதிக்கொடுக்கக் கூடாது. மருத்துவமனை லேபில் ரசாயனம் தீர்ந்துபோவது சகஜம். அதற்கு முன்கூட்டியே வழி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்தப் பரிசோதனையைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள்.

படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது, படிக்கத் தெரிந்த, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். உங்கள் ஹவுஸ் சர்ஜன் சாட்சி ஆக மாட்டார். நினைவில்லாத நோயாளிக்குச் சட்டப்படியான உறவினர் ஒப்புதல் தரலாம். ஆனால் நோயாளி தெளிந்த பிறகு அவரிடமே மறுபடி கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியைத்தான் எல்லாரும் மறப்பார்கள். படிவத்திலேயே அதற்கு ஒரு கட்டம் போட்டு வையுங்கள்.

யார் நோயாளி, யார் ஒப்பீட்டு நபர்

உலக சுகாதார நிறுவனத்தின் விளக்கம் எளிமையானது: மூளையின் ஒரு பகுதி திடீரென்று செயலிழந்த அறிகுறிகள், 24 மணி நேரத்துக்கு மேல் நீடிப்பது அல்லது மரணத்தில் முடிவது, ரத்தக்குழாய் தவிர வேறு காரணம் தெரியாதது. அதோடு எல்லாருக்கும் சி.டி. ஸ்கேன் என்று நிபந்தனை வைத்துவிடுங்கள். ரத்தக்குழாய் அடைப்பா, ரத்தக் கசிவா என்று தெரியாமல் இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் ஆய்வு வீண், ஏனென்றால் இரண்டுக்கும் காரணிகளின் கனம் ஒன்றல்ல. முதல் சில மணி நேரத்தில் எடுத்த சி.டி.யில் அடைப்பு தெரியாமல் போகலாம், அதற்காக நோயாளியைத் தள்ளிவிடாதீர்கள். சர்க்கரை இறங்கிக் கை கால் வராமல் போனவர், வலிப்புக்குப் பின் தற்காலிகமாகச் செயலிழந்தவர், முகவாதம் மட்டும் உள்ளவர், தலையில் அடிபட்டு ரத்தம் கட்டியவர் – இவர்கள் எல்லாரையும் “வாதம் வந்துடுச்சு” என்றுதான் கூட்டி வருவார்கள். சலித்து எடுப்பது உங்கள் வேலை.

துணை வகைப்படுத்தலுக்கு, அடைப்பின் காரணத்தை வைத்துப் பிரிக்கும் டோஸ்ட் முறையைப் போட ஆசை வரும். கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர் ஸ்கேனும் இதயத்துக்கு எக்கோ ஸ்கேனும் எல்லாருக்கும் எடுக்க முடியாத இடத்தில் அதைப் போட்டால், பாதிப் பேர் ‘காரணம் தீர்மானிக்கப்படவில்லை’ என்ற கட்டத்தில் போய் விழுவார்கள். அறிகுறிகளை வைத்துப் பிரிக்கும் ஆக்ஸ்ஃபோர்டு முறை போதும்.

ஒப்பீட்டு நபர்களைத் தேடும்போது கைக்கெட்டும் தூரத்தில் அட்டெண்டர்கள் இருப்பார்கள். நோயாளியின் மனைவி, தம்பி, பக்கத்துப் படுக்கைக்காரரின் அக்கா. நோயாளியின் சொந்தத் தம்பியை எடுத்தால் அதே குடும்பம், அதே அடுப்பு, அதே உப்பு. வித்தியாசம் தெரியவே தெரியாது. சுகர் ஓபி, இதய ஓபி பக்கமும் போகாதீர்கள், அங்கே எல்லாருக்கும் ஏதாவது ஒரு காரணி இருக்கும். கண் ஓபி, காது மூக்கு தொண்டை ஓபி, எலும்பு முறிவு வார்டு, வேறு நோயாளிகளைப் பார்க்க வந்த, உறவினர் அல்லாத அண்டை வீட்டார் என்று பாருங்கள். வயது ஐந்து முன்பின், அதே பாலினம், முடிந்தால் அதே தாலுகா. அவர்களுக்கு முன்பே சின்னதாகப் பக்கவாதம் வந்து போயிருக்கலாம் என்பதால், அதைக் கண்டுபிடிக்க எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. சைரன் குழு அதை உள்ளூர் மொழிகளில் சரிபார்த்துப் பயன்படுத்தியது. தமிழில் போடும்போது “ஒரு பக்கம் மரத்துப்போச்சா, வாய் கோணிச்சா, பேச்சுக் குழறிச்சா, அப்புறம் தானா சரியாச்சா” என்று கேளுங்கள்.

இன்னொரு ஓட்டையையும் நினைவில் வையுங்கள். கசிவு பெரிதாகி அவசரச் சிகிச்சைப் பிரிவிலேயே இறந்தவர் வார்டுக்கு வரமாட்டார். லேசாக வந்து நாட்டு வைத்தியத்துக்குப் போனவரும் வரமாட்டார். வார்டில் உட்கார்ந்து எண்ணினால் நடுவில் இருப்பவர்களைத்தான் எண்ணுவீர்கள். அவசரப் பிரிவுப் பதிவேட்டைத் தினமும் காலையில் புரட்டி, விட்டுப்போனவர்களின் வயது, பாலினம், முடிவு இவற்றையாவது குறித்து வையுங்கள்.

படிவம்: இங்கேதான் ஆய்வு நிற்கும் அல்லது விழும்

ஒவ்வொரு காரணிக்கும் மூன்று பதில்கள் இருக்க வேண்டும்: உண்டு, இல்லை, சோதித்ததே இல்லை. கணினியில் 1, 0, 9 என்று போகட்டும். 9ஐ எந்தக் காரணம் கொண்டும் 0 ஆக்காதீர்கள்.

பிரஷருக்கு மட்டும் ஐந்து கேள்விகள் வைக்கலாம். எப்போதாவது கருவி கட்டிப் பார்த்ததுண்டா? கடைசியாக எப்போது, எங்கே? அதிகம் என்று சொன்னார்களா? மாத்திரை கொடுத்தார்களா? கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் சாப்பிட்டார்? மாத்திரையின் பெயரைக் கேட்டால் பதில் வராது. “வெள்ளையா சின்னதா ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு” என்பார்கள். அரசு மருந்தகத்தில் அட்டையை வெட்டிக் கொடுத்திருந்தால் பெயர் அச்சடித்த பக்கம் போயே போயிருக்கும். மஞ்சப்பையை எடுத்துவரச் சொல்லி, உள்ளே இருக்கும் பழைய ஓபி சீட்டுகளைப் பாருங்கள். மளிகைப் பட்டியல், ரேஷன் ரசீது இவற்றுக்கு நடுவில் எங்காவது 170/100 என்று கிறுக்கியிருக்கும். ‘பிரஷர் இல்லை’ என்று கேஸ் ஷீட்டில் இருந்த ஓர் அம்மாவின் பையில், மூன்று வருஷத்துக்கு முந்தைய அப்படியொரு சீட்டை நான் எடுத்தேன். ஏன் மாத்திரையைத் தொடரவில்லை என்று கேட்டதற்கு, “தலைசுத்தல் நின்னுபோச்சு சார், அப்புறம் எதுக்கு?” என்றார். அந்த ஒரு வரி என் அட்டவணைகள் எல்லாவற்றையும்விட அதிகம் சொன்னது. ‘நிறுத்திய காரணம்’ என்று ஒரு வெற்றுக் கோடு படிவத்தில் இருக்கட்டும், நோயாளி சொன்னபடியே எழுதுங்கள். நாள்கூலி போகும், பஸ் இல்லை, மாத்திரை இருப்பில்லை, ‘சரியாப் போச்சு’ என்று வந்துகொண்டே இருக்கும்.

வயதைக் கேட்பதும் ஒரு கலை. ஆதார் அட்டையில் சனவரி 1 என்று பிறந்தநாள் இருந்தால் அது பெரும்பாலும் குத்துமதிப்புதான். தனுஷ்கோடி புயல் அடித்த 1964இல் நடக்கிற பிள்ளையா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையா? எம்.ஜி.ஆர். முதல்வரான 1977இல் கல்யாணம் ஆகிவிட்டதா? இப்படி இரண்டு மூன்று கேள்வி போட்டால் இரண்டு வருஷ வித்தியாசத்துக்குள் பிடித்துவிடலாம்.

குடியை “எப்போதாவது / அடிக்கடி” என்று கேட்காதீர்கள். குவாட்டர், ஆஃப் என்று கேளுங்கள். 180 மில்லி குவாட்டரில் 42.8 சதவீதச் சாராயம் என்றால் சுத்தமான ஆல்கஹால் சுமார் 61 கிராம். பத்து கிராம் ஓர் அளவு என்று வைத்தால் ஒரு குவாட்டரே ஆறு அளவு. “ஒரு குவாட்டர்தான் சார், அதுவும் சாயங்காலம்தான்” என்பவரை ‘மிதமான’ குடிகாரர் பட்டியலில் போட்டுவிடாமல் இந்தக் கணக்கு தடுக்கும். புகையிலையில் பீடி, சிகரெட்டோடு நிறுத்தாமல் வெற்றிலையோடு போடும் புகையிலை, பொட்டலப் புகையிலை, மூக்குப்பொடி எல்லாம் தனித்தனியாக வேண்டும். “புகைப்பீங்களா?” என்ற கேள்விக்கு எழுபது வயதுப் பாட்டி சிரிப்பார். “வெத்தலைக்குப் பொகையில போடுவீங்களா?” என்றால் சுருக்குப்பையைத் திறந்தே காட்டுவார்.

உப்புக்கு ஒரு சின்ன வழி: வீட்டுக்கு மாதம் எத்தனை கிலோ உப்பு, எத்தனை பேர்? நான்கு பேருக்கு மாதம் ஒரு கிலோ என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஐந்துக்குள். ஊறுகாய் போட்ட மாதமா, கருவாடு எத்தனை நாள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். துல்லியம் கிடையாது, ஆனால் “உப்பு அதிகமா சாப்பிடுவீங்களா?” என்பதைவிட நூறு மடங்கு மேல்.

உடலுழைப்புக் கேள்வியில் ஒரு வேடிக்கை நடக்கும். கட்டட வேலைக்குப் போகும் சித்தாளிடம் “உடற்பயிற்சி உண்டா?” என்றால் “இல்லை” என்பார். படிவமும் அவரைச் சோம்பேறி என்று பதிந்துகொள்ளும். வேலை, நடை, ஓய்வுநேரம் மூன்றையும் பிரித்துக் கேட்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஜிபாக் கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

இளம்பெண் நோயாளி என்றால் பிரசவமாகி எத்தனை நாள், கருத்தடை மாத்திரை உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். ‘பச்சை உடம்பு’ என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுத்தார்களா என்பதையும் மெதுவாக, மாமியார் அருகில் இல்லாத நேரத்தில் கேட்க வேண்டும். மூளைச் சிரைகளில் ரத்தம் உறைந்து வரும் பக்கவாதம் இவர்களிடம் அதிகம். அதைத் தமனி அடைப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பேச முடியாத நோயாளிக்குப் பதில் சொன்னவர் யார் என்று குறித்தே ஆக வேண்டும். மனைவிக்கு உப்பு தெரியும், பீடிக் கணக்கு தெரியாது. அது கூட வேலை செய்யும் நண்பருக்குத்தான் தெரியும். முடிந்தால் இருவரிடமும் கேளுங்கள்.

அளவுகள்

பக்கவாதம் வந்த உடன் ரத்த அழுத்தம் தானாகவே ஏறும், ஒரு வாரம் பத்து நாளில் இறங்கவும் செய்யும். அவசரப் பிரிவில் 180/100 இருந்தது என்பதற்காக ‘பிரஷர் உண்டு’ என்று எழுதிவிடாதீர்கள். முன்பே சொல்லப்பட்டது, மாத்திரை எடுத்தது, வீட்டுக்குப் போகும்போதும் 140/90க்குக் குறையாமல் இருப்பது – இவற்றில் ஒன்று வேண்டும். இ.சி.ஜி.யில் இதயத்தின் இடது கீழறைத் தடிப்பு, விழித்திரை ரத்தக்குழாய்களில் மாற்றம் இருந்தால் பழைய பிரஷர் என்பதற்குச் சாட்சி கிடைத்த மாதிரி. கருவி கட்டியே பார்த்திராத மனிதரின் உடம்பு எழுதிவைத்திருக்கும் சரித்திரம் அது. வராத கையில் கட்டாமல் நல்ல கையில் கட்டுங்கள், ஐந்து நிமிட ஓய்வுக்குப் பிறகு இரண்டு முறை.

சர்க்கரையும் அப்படித்தான், அதிர்ச்சியில் ஏறும். இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி 6.5 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் நம்பலாம். ஆனால் இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகையில் அது பொய்யாக ஏறிக் காட்டும். நம் நோயாளிகளில் ரத்தசோகை சாதாரணம் என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்து எழுதுங்கள். கொழுப்புக்கு முதல் 48 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு அளவு இறங்கிப்போகும். நாடியை முழுதாக ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். ஒழுங்கற்ற துடிப்பு விட்டுவிட்டு வரும், ஒரே இ.சி.ஜி.யில் சிக்காது. இளவயதில் அது இருந்தால் ருமாட்டிக் வால்வு நோயைத் தேடி எக்கோவுக்கு அனுப்புங்கள்.

படுத்திருப்பவரின் எடையை அட்டெண்டரிடம் கேட்டு எழுதுவதைவிடக் காலியாக விடுவது மேல்.

பத்துப் பேரோடு ஒத்திகை

முதல் பத்துப் படிவங்களை ஆய்வில் சேர்க்காதீர்கள். எந்தக் கேள்வியில் அட்டெண்டர் முழிக்கிறார், எது இருபது நிமிடத்தைத் தின்கிறது என்று அதில் தெரியும். என்னுடைய முதல் படிவம் ஒன்பது பக்கம், கடைசியில் நான்கு. அதன் பிறகு நோயாளியையும் ஒப்பீட்டு நபரையும் ஒரே ஆள், ஒரே கேள்விகளால், ஒரே பொறுமையோடு விசாரிக்க வேண்டும். நோயாளியின் வீட்டில் ஏற்கெனவே காரணம் தேடித் தேடி அலசியிருப்பார்கள்: “சண்டை போட்ட அன்னைக்குத்தான் வந்துச்சு.” ஒப்பீட்டு நபரிடம் யாரும் சண்டை பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் கேட்டாக வேண்டும்.

கணக்கு

எபி இன்ஃபோ, ஜமோவி, ஆர் மூன்றும் இலவசம். திருட்டு மென்பொருள் தேவையில்லை. பெயரும் உள்நோயாளி (ஐ.பி.) எண்ணும் தனி நோட்டில், பூட்டிய அலமாரியில். கணினியில் ஆய்வு எண் மட்டும். அன்றன்றைய படிவத்தை அன்றே ஏற்றுங்கள்.

முரண் விகிதம் கையாலேயே போடலாம். நூறு நோயாளிகளில் 70 பேருக்கு பிரஷர், நூறு ஒப்பீட்டு நபர்களில் 40 பேருக்கு என்றால் (70 × 60) ÷ (30 × 40) = 3.5. ஜோடி சேர்த்து எடுத்திருந்தால் ஜோடிகளுக்கான கணக்கு வேறு, புள்ளியியலாளரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நூறு நோயாளிகளை வைத்துக்கொண்டு இருபது காரணிகளை ஒரே புள்ளியியல் மாடலில் திணிக்காதீர்கள். பத்து நோயாளிக்கு ஒரு காரணி என்பது பழைய கைக்கணக்கு. 9 என்று குறித்தவர்களைத் தனி வரிசையாக அட்டவணையில் காட்டுங்கள். கெய்டு, அதாவது வழிகாட்டும் பேராசிரியர், அதை நீக்கச் சொன்னால் கொஞ்சம் வாதாடுங்கள். எழுதும்போது, இத்தகைய ஆய்வறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்ட்ரோப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் முக்கியமான எதுவும் விட்டுப்போகாது.

படிவம் முடிந்த பின்

ஒப்பீட்டு நபராகக் கண் ஓபியிலிருந்து கூட்டிவந்த ஒருவருக்கு 190/110 இருக்கும். நிச்சயம் இருக்கும், மாதத்துக்கு இரண்டு பேராவது. நன்றி சொல்லி அனுப்பிவிட முடியாது. அதற்கென்று ஒரு வழியை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்: மறுபடி அளப்பது, அன்றே மருத்துவ ஓபியில் காட்டுவது, அளவை அவர் கையில் எழுதிக்கொடுப்பது, ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு சீட்டு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பஸ் செலவுக்குப் பயந்து நிறுத்தியவர்களின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். நோயாளிகள் வீட்டுக்குப் போகும் நாளிலும் இதே வேலை உண்டு. அந்த அம்மாவின் மஞ்சப்பையில் கடைசியில் நான் வைத்துக்கொடுத்தது அட்டைத்தாளில் கொட்டை எழுத்தில் எழுதிய ஒரு சீட்டு: மாத்திரையின் பெயர், அன்றைய அளவு, ‘தலைசுத்தல் நின்னாலும் நிறுத்தக் கூடாது’.